லோக்கல்தான்

இனிமேல் கழுத்தைத் தொட்டுப் பார்க்க மாட்டேன் என்று பன்னீர்செல்வம் காலையில் சொல்லியிருந்தார். பதினோரு மணிக்குள் நாலு தரம் தொட்டுவிட்டார். மனைவி பூங்கோதை எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

வலது பக்கம், சட்டைக் காலருக்குச் சற்று மேலே, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஆறு வாரத்துக்கு முன்னால் சவரம் செய்யும்போது கண்ணாடியில் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. இத்தனைக்கும் பூங்கோதை சமையலில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆற்று மீனான ரூயிதான் என்றாலும் தேங்காய் அரைத்து, புளி கரைத்து, அம்பாசமுத்திரத்து ருசிக்குக் குழம்பைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். அவர் இரண்டு கவளம் பிசைந்துவிட்டுத் தட்டிலேயே கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். முழுங்கும்போது தட்டுகிறதா இல்லையா என்று கவனிக்கிறாராம்.

வெளியே வங்காளத்து ஆவணியான பாத்ரா மாதத்து மழை மூன்று நாளாகக் கொட்டியது. டாலிகஞ்ச் காலனிக்குள் தண்ணீர் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழே சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டியை இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். இரண்டாம் மாடி ஜன்னலில் நின்று பன்னீர்செல்வம் அதையே பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தார். சாப்பாட்டு மேஜையில் இரண்டு லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்த பூங்கோதையின் பின்னால் வந்து நின்றார்.

"வந்துட்டா?"

"வரல."

"காலம்பர மறுபடி அனுப்பிட்டேன்னு அந்தப் பிள்ள லேபுல இருந்து சொல்லிச்சுல்லா?"

"அனுப்பியிருக்கா. அனுப்பினதும் நெசம், வரலங்கதும் நெசம். பின்னால நிக்காதீங்க, எனக்குக் கை ஓடமாட்டேங்கு."

விஷயம் இதுதான். கழுத்தில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்த முதல் பரிசோதனையில், இப்படியும் சொல்ல முடியாது, அப்படியும் சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் லாஹிரி, ஊசியில் எடுத்ததைத் தடவிய அந்தக் கண்ணாடித் துண்டுகளைக் கரியாஹாட்டில் ஒரு லேபுக்கு அனுப்பி, அங்கே இருந்த பெரிய கையை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். அவர்கள் பார்த்துவிட்டார்கள். திங்கட்கிழமையே மெயிலில் அனுப்பிவிட்டார்கள். இன்று சனிக்கிழமை. டாக்டருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

டாக்டர் லாஹிரிக்கு எழுபத்திமூன்று வயது. பட்டன் போன்தான் வைத்திருந்தார். வாட்ஸ்அப் என்றால் கையைக் கூப்புவார். அவருடைய சேம்பரில், அதாவது கிளினிக்கில், கம்பவுண்டர் நிமாய்தா மெயிலைப் பார்த்து, காகிதத்தில் அச்செடுத்து மேஜையில் வைத்தால்தான் அது அவருக்கு ரிப்போர்ட். நாளைக் காலை விமானத்தில் வான்கூவரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறார். திரும்பி வர ஒரு மாதம். இன்று இரவு எட்டு மணிக்குள் ரிப்போர்ட் கைக்கு வந்தால், தேவைப்பட்டால் ஆபரேஷனுக்கு நாள் குறித்துத் தன் ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். வராவிட்டால் ஒரு மாதம் கழுத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

இதில் வயிற்றெரிச்சலான சங்கதி, டாக்டரின் வெப்சைட்டைப் போட்டுக்கொடுத்தவளே பூங்கோதைதான். அவர் சொல்லித்தான் அந்த லேபும் அவளிடம் வந்தது. வெப்சைட் கட்டுவது பாதி, அதற்குக் குடியிருக்க இடம் பார்த்துக்கொடுப்பது மீதி. அதுதான் அவள் பிழைப்பு. அந்த இடத்துக்குப் பெயர் சர்வர். கடலுக்கு அப்பால் எங்கோ ஓர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டர். இத்தனை வருஷம் இருந்த சர்வரை அந்தக் கம்பெனிக்காரன் மூடப்போகிறேன் என்று சொல்லிவிட்டான். போன சனிக்கிழமை பதினோரு வெப்சைட்டையும் சட்டிபானையோடு புது சர்வருக்குக் குடிமாற்றினாள். டாக்டர், லேப், லேக் பக்கத்து நடனப் பள்ளி, ரெண்டு ஜவுளிக்கடை, ஒரு ஹோமியோபதி என்று எல்லாரும் ஒரே நாளில் ஒரே வீட்டுக்குப் போனார்கள்.

டாக்டரின் மெயில் மட்டும் அதில் சேராது. அதை எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே மெயிலுக்கென்றே இருக்கும் வேறொரு கம்பெனியில் வைத்துவிட்டார்கள். டாக்டருக்குக் கடிதம் எழுதினால் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று ஊருக்குச் சொல்ல ஒரு குறிப்பு உண்டு. எம்எக்ஸ் ரெக்கார்டு என்பார்கள். வீட்டு வாசலில் 'கடிதங்களை எதிர்வீட்டில் கொடுக்கவும்' என்று எழுதி ஒட்டியதுபோல. பூங்கோதை அதை இந்த ஆறு நாளில் அறுபது தரம் பார்த்துவிட்டாள். எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது.

நிமாய்தா போன் செய்தார்.

"பௌதி, ஆஷே நி. இன்னும் வரல." பௌதி என்றால் அண்ணி. அவர் வங்காளத்தில்தான் பேசுவார், ஆனாலும் டாலிகஞ்சில் இருபது வருஷமாகத் தமிழர்களின் நாடி பிடித்ததில் 'வரல', 'வலி', 'சாப்பாட்டுக்கு அப்புறம்' ஆகிய மூன்றும் பழகியிருந்தது. "மத்த மெயில் எல்லாம் வருது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் வேண்டாதது எல்லாம் அனுப்புறான், வருது. லேப் மட்டும் வரல."

"ஸ்பேம்ல பாத்தீங்களா தாதா?" வங்காளத்தில் அண்ணனுக்குத் தாதா.

"அதுல அஞ்சு தரம் பாத்தாச்சு."

போனை வைத்ததும் பன்னீர்செல்வம் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நான் போயி கைல வாங்கிட்டு வாரேன்."

"தரமாட்டாங்க. நோயாளிகிட்ட டாக்டர்தான் சொல்லணுமாம், ரிப்போர்ட்டும் டாக்டரோட மெயிலுக்கு மட்டுந்தானாம். நானே நாலு தரம் கெஞ்சிப் பாத்துட்டேன். அந்த மௌஷுமி நல்ல பிள்ளதான், ஆனா சட்டம் பேசுதா."

"டாக்டர் கைல கொடுக்கதுக்குத்தான் வாங்குதேன்னு சொல்லுதேன். கவர ஒட்டிக் கொடுக்கட்டும். நான் என்ன பிரிச்சா பாக்கப் போறேன்?"

"பிரிப்பீங்க."

அவர் சிரிக்கவில்லை. "இங்கன இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்ட்டி" என்றார்.

கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு, செருப்பைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார். ரயில்வே சிக்னல் பிரிவில் இருபத்தாறு வருஷமாக வயரும் ரிலேயும் பார்க்கிற மனிதர். எங்கே பழுது என்றாலும் வாய் சும்மா இருக்காது.

"ஏட்டி, ஒரு சிக்னல் மட்டும் எரியலன்னா நாங்க எரியாததயே பாத்துக்கிட்டு இருக்கமாட்டோம். எரியுதது எது, எரியாதது எதுன்னு ரெண்டு பக்கமா எழுதுவோம். எரியாத அம்புட்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாப்போம். நீ லேபயே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்க."

"சரி, சரி. வழுக்கி விழாம போங்க. மேன்ஹோல் தொறந்து கெடக்கும், செவுத்தோரமா நடங்க."

அவர் போன பிறகு வீடு இன்னும் மோசமாக இருந்தது. நிற்க ஓர் ஆள் இல்லாவிட்டாலும் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலவே இருந்தது. பூங்கோதை புது சர்வர்க்காரர்களுக்கு எழுதிக் கேட்டாள். உங்கள் எம்எக்ஸ் ரெக்கார்டு சரியாக உள்ளது, இருபத்துநாலு மணிநேரம் பொறுத்திருக்கவும் என்று பதில் வந்தது. நாசமாய்ப் போக, ஆறு நாள் பொறுத்தாகிவிட்டது. லேப்காரர்களின் பக்கம்தான் கோளாறு என்று அவளுக்கு ஒரு சந்தேகம். இல்லை, சந்தேகம்கூட இல்லை, ஆசை. யார்மேலாவது பழியைத் தூக்கிப் போட்டுவிட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும்.

ஒரு மணிக்கு ஸ்னேகா ஜாதவ்பூரிலிருந்து தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தாள். மகளுக்கு இருபது வயது, கம்பாரிட்டிவ் லிட்ரேச்சர் படிக்கிறாள். கோபமும் அழுகையும் வங்காளத்தில் வரும். பசி மட்டும் தமிழில் வரும்.

"பாபா எங்க?"

"கரியாஹாட் போயிருக்காங்க."

"இந்த ஜோல்லயா, இவ்ளோ தண்ணியிலயா? மா, நீ விட்டியா?"

"நான் விட்டா என்ன, விடாட்டா என்ன? தலையத் தொவட்டு. சோறு இருக்கு, மீன் சூடு பண்ணிக்கோ. தின்னுட்டு இங்க வா, ஒரு வேல இருக்கு."

தாயும் மகளும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டார்கள். 'எரியுது', 'எரியல' என்று பூங்கோதை தலைப்பு எழுதினாள். ஸ்னேகா தன் யூனிவர்சிட்டி மெயிலிலிருந்து டாக்டருக்கு ஒரு வரி அனுப்பினாள். நிமாய்தா போனில் சொன்னார்: "ஆஷ்சே, வருது." எரியுது. பூங்கோதை தன் ஜிமெயிலிலிருந்து அனுப்பினாள். எரியுது. அடுத்து நடனப் பள்ளியின் வெப்சைட்டில் இருந்து. பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். நிமாய்தா, "வரல" என்றார். ஜவுளிக்கடையிலிருந்து அனுப்பினாள். வரல. ஹோமியோபதியிலிருந்து அனுப்பினாள். வரல. போனில் அவர் குரல் அலுத்துப்போனது. அவருக்குப் பின்னால் நோயாளிகள் சத்தம் கேட்டது.

ஸ்னேகா தாளைத் தன் பக்கம் திருப்பி, பென்சிலைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

"மா."

"என்னட்டி?"

"வராதது எல்லாம் ஒன்னோட ஆளுங்கதான்."

பூங்கோதைக்குக் காதுக்குள் சூடு ஏறியது. மகள் அப்படிச் சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. வெளியூரிலிருந்து வருகிற கடிதம் வாசல் குறிப்பைப் படித்துவிட்டுச் சரியாக எதிர்வீட்டுக்குப் போகிறது. ஒரே வீட்டுக்குள் இருப்பவர்கள் எழுதும் கடிதம் வாசலுக்கே வருவதில்லை. டாக்டரா, அவர் இங்கேதானே குடியிருக்கிறார், எதற்கு வெளியே போகவேண்டும் என்று சர்வர் தன் கையாலேயே வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது.

சர்வர் தானாக அப்படி நினைக்காது. யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

டாக்டரின் டொமைனுக்கான பக்கத்தைத் திறந்தாள். கீழே, அவள் இந்த ஆறு நாளில் ஒரு தரம்கூட இறங்கிப் பார்க்காத இடத்தில், மெயில் எங்கே தங்கவேண்டும் என்ற கேள்வி. இரண்டு வட்டங்கள். ரிமோட், அதாவது வெளியே என்பது, காலியாக இருந்தது. லோக்கல், அதாவது இங்கேயே என்பதில், புள்ளி இருந்தது. அவள் வைத்த புள்ளி.

எப்படி வைத்தாள் என்பதும் நினைவுக்கு வந்தது.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் மாமனாரைச் சொல்லவேண்டும். அறுபத்தெட்டில் ரயில்வே வேலைக்கு வந்தவர். வந்த புதிதில் ரேஷன் ஆபீசில் ஒரு குமாஸ்தா, "பாயிரே தேகே?" என்று கேட்டானாம். வெளியிலிருந்தா என்று. அந்தக் கேள்வி மனிதருக்கு எங்கேயோ தைத்துவிட்டது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் லோக்கல்தான். பள்ளிக்கூட விண்ணப்பம், காஸ் கனெக்‌ஷன், வாக்காளர் பட்டியல், எல்லாவற்றிலும் லோக்கல். மகனுக்கும் அதையே சொல்லிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். "ஆப்னாரா மத்ராஜி?", நீங்கள் மதராசிகளா என்று யாராவது அன்பாகக் கேட்டால்கூட பன்னீர்செல்வம், "நா, லோக்கல்" என்பார். நா என்றால் இல்லை. மூக்கும் நிறமும் மீசையும் கேட்டவனைப் பார்த்துச் சிரிக்கும். கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த பூங்கோதைக்கு இது ஒரு வேடிக்கை. ஸ்னேகா இதை வைத்தே அப்பாவை ஓட்டுவாள்.

போன சனிக்கிழமை. ஊசி குத்திப் பத்து நாளாகியும் எடுக்காத பிளாஸ்திரியோடு அவர் சோபாவில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இவள் இதே மேஜையில் ஒவ்வொரு வெப்சைட்டாகக் குடிமாற்றிக்கொண்டிருந்தாள். அலுப்பாக இருந்தால் திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. ஏழாவது சைட் டாக்டருடையது. கண் திரையில் இருந்தாலும் காது அவர் மூச்சுவிடும் சத்தத்தில் இருந்தது. "லோக்கலா, ரிமோட்டா..." என்று இழுத்தாள்.

"லோக்கல்தான்" என்றார் சோபாவிலிருந்து.

விரல் லோக்கலை அழுத்திவிட்டது.

ஸ்னேகாவிடம் சொல்லவில்லை. புள்ளியை எடுத்து ரிமோட்டில் வைத்தாள். அப்படியானால் இந்த ஆறு நாள் கடிதமெல்லாம் எங்கே என்று தேடினாள். எட்டு வருஷத்துக்கு முன் டாக்டருக்கு அவளுடைய பழைய சர்வரிலேயே ஒரு பெட்டி இருந்தது. யாரும் திறப்பதில்லை, அழிப்பதுமில்லை. குடிமாற்றும்போது அதுவும் சட்டிபானையோடு வந்திருந்தது. திறந்தாள். பதினேழு கடிதங்கள். ஒன்றுகூடத் தொலையவில்லை. வரிசையாக வந்து, சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தன. நடனப் பள்ளியின் சோதனை, ஜவுளிக்கடையின் சோதனை, அதற்குக் கீழே லேபிலிருந்து நாலு பேரின் ரிப்போர்ட், திரும்பத் திரும்ப. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு பெயர். இன்னும் மூன்று வீட்டில் யாரோ கழுத்தையோ மார்பையோ தொட்டுப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவள் வைத்த புள்ளிக்கு அவர்களுமா அகப்பட்டார்கள்?

நாலாவது பெயர் பன்னீர்செல்வம், ஆண், ஐம்பத்திரண்டு.

ஒரு தட்டு தட்டினால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. சாவி அவள் கையில் இருந்தது.

"தொறக்கலையா மா?" ஸ்னேகா கிசுகிசுத்தாள்.

"நம்ம பேருக்கு வந்த காயிதம் இல்லட்டி."

அது பாதி உண்மை. மீதி, பயம். அவர் தெருத் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போது அவர் கழுத்தில் இருப்பது என்னவென்று அவளுக்கு மட்டும் முன்னாலேயே தெரிந்துவிடக்கூடாது. தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பதினேழையும் அப்படியே டாக்டரின் அசல் பெட்டிக்குத் தள்ளிவிட்டாள். இரண்டு தரம் தப்பான இடத்தில் தட்டினாள்.

மூன்றே நிமிஷத்தில் நிமாய்தா கூப்பிட்டார். "பௌதி! ஏஸே கேசே! மொத்தமா வந்து விழுது! எல்லாம் பிரிண்ட் எடுக்கேன். ஸார் ஆறு மணிக்கு வருவார். நீங்க வந்துருங்க."

அடுத்த போன் பன்னீர்செல்வம். பின்னால் மழையும் பஸ் ஹாரனும்.

"ஏட்டி, லேபு ஷட்டர் போட்டுட்டான். உள்ள தண்ணி போயிட்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் இப்ப என்ன செய்யட்டும்? மூணு மணி நேரமா நடந்து வந்திருக்கேன். பாதி வழில பையோட செருப்பும் தண்ணில போயிட்டு."

"வந்துட்டுங்க."

"என்னது?"

"ரிப்போர்ட் வந்துட்டு. டாக்டருக்குப் போயிட்டு."

அவர் எங்கோ கூரைக்குக் கீழே ஒதுங்கியதில் மழைச் சத்தம் குறைந்தது.

"என்ன போட்டிருக்கு?"

"பாக்கல."

"ஏன்?"

"நீங்க பக்கத்துல இல்லாம எப்பிடிப் பாக்க? மெட்ரோ ஓடுதான்னு பாத்து நேரா சேம்பருக்கு வந்துருங்க. மாத்து வேட்டி கொண்டாரேன். வழில எங்கயாவது சூடா ஒரு டீ குடிங்க."

சேம்பரில் நீளமான பெஞ்சு. ஈரக் குடைகள் மூலையில் சாய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தன. பன்னீர்செல்வம் வெறுங்காலோடு, முழங்கால்வரை சேறோடு உட்கார்ந்திருந்தார். பூங்கோதை துண்டைக் கொடுத்தாள். பொட்டலத்தில் கொண்டுவந்த முரியை, அதாவது பொரியை, கொடுத்தாள். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாரே தவிர ஒன்றையும் தொடவில்லை. இன்னும் மூன்று பேர் முடிந்தால் இவர்கள். உள்ளே போகுமுன் சொல்லிவிட வேண்டும் என்று வரும்போதே முடிவுசெய்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னாலும் அதற்குப் பிறகு இதைச் சொல்ல வாய் வராது.

"நான் ஒண்ணு சொல்லணும். தப்பு லேபுல இல்ல, கம்பெனிக்காரன்கிட்டயும் இல்ல. என் மேலதான்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பக்கத்துல ரெண்டு வட்டம் இருக்கும். ரிமோட்டுன்னு வச்சிருக்கணும். நான் லோக்கல்ல வச்சிட்டேன். ஆறு நாளா ஒங்க ரிப்போர்ட் என் மேசைக்குள்ளயே கெடந்திருக்கு. நீங்க தூங்காம கெடந்த ஆறு நாளும்." குரல் உடைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

பன்னீர்செல்வம் துண்டால் காலைத் துடைக்க ஆரம்பித்தார். ஒரு காலைத் துடைத்து முடித்தார். கோபமென்றால் அவருக்குக் கை வேலை தேடும், அவளுக்குத் தெரியும். மற்றக் காலில் பாதி துடைத்ததும் நிறுத்தினார்.

"அன்னைக்குக் கேட்டியே, லோக்கலான்னு. நான் சோபால கெடந்தப்ப."

"ஆமா."

"அது இதுக்கா?"

"ஆமா."

"நான் வாசல்ல காஸ்காரன் வந்து கேக்கான்னுல்லா நெனச்சேன்!"

அவள் அழுகைக்கு நடுவே மூக்கால் சிரித்துவிட்டாள். அவருக்கும் வாயோரம் துடித்தது. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து வேறொன்று எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. பூங்கோதை அவர் முதுகில் கைவைத்தபடியே இருந்தாள். நிமாய்தா கதவைத் திறந்து, "பன்னீர் பாபு" என்று கூப்பிட்டார்.

டாக்டர் லாஹிரி காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். சுற்றிவளைக்காத மனிதர். கான்சர்தான் என்றார். சின்னது, கழுத்தைத் தாண்டவில்லை, தைராய்டில் வருகிறவற்றிலேயே சாதுவான வகை. பாதிச் சுரப்பியை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. புதன்கிழமை தன் ஜூனியர் செய்வார், அந்தப் பெண்ணின் கை தன் கையைவிடப் பதமானது என்றார்.

பூங்கோதைதான் கேட்டாள், வங்காளத்தில், வார்த்தை குழற: "ஆறு நாள் தாமதமாகிவிட்டது டாக்டர் பாபு. அந்த ஆறு நாளில்...?"

"சோய் தின்? ஆறு நாளா?" அவர் கையை வீசினார். "இது வருஷக்கணக்கில் இங்கே உட்கார்ந்திருக்கிறது அம்மா. ஆறு நாளில் அதற்கு ஒன்றும் தெரிந்திருக்காது."

அதற்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எங்களுக்குத் தெரியுமே, என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை. ஆறு நாளாக மடக்கி வைத்திருந்த மூச்சை அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெளியே விட்டாள். கழுத்தைத் தொடப்போன அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே நிமாய்தா ஆஸ்பத்திரிப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். பெயர், வயது, ரத்த வகை. பேனா ஓரிடத்தில் நின்றது.

"பன்னீர் பாபு, இது கேக்கணும். லோக்கலா, பாயிரேயா? வெளியூர்னா ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள் இங்கயே பக்கத்துல தங்கணும். லோக்கல்னா ரெண்டாம் நாளே வீட்டுக்குப் போகலாம்."

ஐம்பத்திரண்டு வருஷமாக மூச்சுவிடாமல் பதில் சொன்ன மனிதர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். பூங்கோதையைப் பார்த்தார். நீயே சொல் என்பதுபோல இருந்தது அது.

அவள் அவசரப்படவில்லை. படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கட்டங்களையும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாள்.

"லோக்கல்தான் தாதா" என்றாள். "நல்லா டிக் போடுங்க."